அடுக்குக் கட்டிலில் 9 சென்டிமீட்டர் கணக்கு

பிள்ளைகள் அறைக்கு அடுக்குக் கட்டில் வாங்கப் போகிறவர்கள் கையோடு ஓர் இஞ்ச் டேப் கொண்டுபோங்கள். நிறம், டிராயர், விலை எல்லாம் அப்புறம். முதலில் மேல் கட்டிலின் தடுப்புச் சட்டங்களுக்கு நடுவே இருக்கும் சந்தின் அகலத்தை அளந்து பாருங்கள்.

காரணம் குழந்தையின் உடலமைப்பில் இருக்கிறது. பிறக்கும்போது உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்கு. ஐந்தாறு வயதுக்குள் மூளை பெரியவர்களின் அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. உடம்பு மட்டும் இன்னும் ஒல்லியாகவே இருக்கும். தூக்கத்தில் புரளும்போது கால்கள் ஒரு சந்துக்குள் போய்விட்டால், இடுப்பும் நெஞ்சும் கொஞ்சம் நசுங்கிக் கொடுத்து வழுக்கி இறங்கிவிடும். மண்டை ஓடு அப்படி நசுங்காது. தலை மேலே மாட்டிக்கொள்ள, மொத்த எடையும் கழுத்தில் தொங்கும். குழந்தையால் கத்திக் கூப்பிடவும் முடியாது.

ஆகவே சின்னச் சந்தும் ஆபத்தில்லை, பெரிய சந்தும் ஆபத்தில்லை; இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஆபத்து. 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதி இதை அப்படியே அளவாக எழுதி வைத்திருக்கிறது. மேல் கட்டிலின் திறப்புகளில் 3.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9 செ.மீ. அளவுள்ள சோதனைக் கட்டை நுழையக் கூடாது. கீழ்க் கட்டிலின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உள்ள திறப்புகள் ஒன்று அதே மாதிரி குறுகலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 9 அங்குலப் பந்து நுழையும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் உடம்பு போன வழியில் தலையும் வெளியே வரும். ஐரோப்பியத் தரமான இஎன் 747 இன்னும் கண்டிப்பானது. தடுப்புச் சட்டங்களுக்கு நடுவே 7.5 செ.மீ.க்கு மேல் அனுமதிப்பதில்லை.

"சுவர் ஓரமாகத்தானே போடுகிறோம், அந்தப் பக்கம் தடுப்பு எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளைகள் ஏறி இறங்கும்போது கட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். சில வாரங்களில் சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே அதே நடுத்தரச் சந்து உருவாகிவிடும். சுவர்ப் பக்கத் தடுப்பு விட்டுப்போகாமல் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்வது இதனால்தான்.

அடுத்தது மெத்தை. நல்ல கட்டிலைக் கெடுப்பது பெரும்பாலும் தனியாக வாங்கும் மெத்தைதான் என்பது என் எண்ணம். படுத்திருக்கும் குழந்தையின் எடை மையம் மெத்தைக்கு மேல் நாலு விரற்கடை உயரத்தில் இருக்கிறது. புரண்டு விழ வேண்டுமென்றால் அந்த மையம் தடுப்பைத் தாண்டி மேலேற வேண்டும். தூங்குகிற உடம்பால் அது ஆகாது. ஆனால் தடுப்பின் உயரத்தை மெத்தையின் மேற்பரப்பிலிருந்துதான் கணக்கிட வேண்டும். அமெரிக்காவில் அது குறைந்தது 5 அங்குலம், ஐரோப்பாவில் 16 செ.மீ. பலகையிலிருந்து 30 செ.மீ. தடுப்பு உள்ள கட்டிலில் 4 அங்குல மெத்தை போட்டால் 20 செ.மீ. மிஞ்சும். சொகுசாக இருக்கட்டும் என்று 8 அங்குல மெத்தை போட்டால் 10 செ.மீ.தான். தடுப்பு கண்ணுக்குத் தெரியும், வேலை செய்யாது.

விழுந்தால் என்ன ஆகும்? ஒன்றரை மீட்டரிலிருந்து தரையைத் தொட அரை வினாடிக்குச் சற்று அதிகம் ஆகும். வேகம் மணிக்கு சுமார் 19.5 கி.மீ. சாதாரணக் கட்டிலின் அரை மீட்டர் உயரத்தோடு ஒப்பிட்டால் மோதும் ஆற்றல் மூன்று மடங்கு. தலை கனமான சின்னப் பிள்ளை தலைகுப்புற விழவே வாய்ப்பு அதிகம். 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மேல் கட்டில் வேண்டாம் என்பதில் தளர்வே கூடாது.

சரி, கட்டில் ஆடுமா? கடையிலேயே மேல் மூலையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நான்கு சட்டம் சேர்ந்த செவ்வகம் சாய்ந்து கோணலாகும்; குறுக்கே ஒரு சட்டம் போட்டு முக்கோணமாக்கினால் அசையாது. மூட்டுகளில் போல்ட்டும் இரும்பு நட்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் நேராக முறுக்கிய ஸ்க்ரூ, ஆட ஆட அந்தத் தூளை நொறுக்கித் தன் துளையைத் தானே பெரிதாக்கிவிடும்.

நம் வீடுகளுக்கென்று இன்னொரு கணக்கு இருக்கிறது: சீலிங் ஃபேன். 48 அங்குல விசிறி நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றும்போது இறக்கையின் நுனி மணிக்கு சுமார் 80 கி.மீ. வேகத்தில் போகிறது. 10 அடி உயர அறையில் அது தரையிலிருந்து 270 செ.மீ. உயரத்தில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் மெத்தை 160 செ.மீ. என்றால், 115 செ.மீ. உயரப் பிள்ளை எழுந்து நின்றாலே தலை இறக்கையின் மட்டத்தைத் தாண்டிவிடும். பக்கவாட்டிலும் இடமில்லை. 10க்கு 10 அறையின் நடுவில் விசிறி இருந்தால் இறக்கை நுனியிலிருந்து சுவருக்கு வெறும் 3 அடி. கட்டிலின் அகலமும் அதே 3 அடி. கையை நீட்டினால் போதும்.

அந்த அறையில் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு, எதிர்ச் சுவரில் வலைக்கூண்டு போட்ட ஃபேனை மாட்டுங்கள். வாடகை வீடு, கழற்ற முடியாது என்றால் அடுக்குக் கட்டிலே வேண்டாம். ஒரு கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொன்றை இழுத்துக்கொள்ளும் வகை கிடைக்கிறது. பகலில் உள்ளே தள்ளிவிட்டால் அதுவும் இடத்தை மிச்சப்படுத்தும்.