பூச்சி தெரியாத மேக்ரோ படங்கள்

பயிர் பாதுகாப்பில் ஆலோசனை சொல்வது என் தொழில். எனக்கு வந்து சேரும் படங்களில் பெரும்பகுதி இலையை மிக நெருங்கி எடுத்தவை. செடியில் ஏதோ கோளாறு என்றதும் கைபேசிக் கேமராவில் ‘மேக்ரோ’ என்று எழுதியிருப்பதைத் தொட்டு, இலையில் முட்டும் அளவுக்குக் கொண்டுபோய் எடுத்திருப்பார்கள். எடுத்தவரின் அக்கறையில் குறையே இல்லை. ஆனாலும் இலையில் இருப்பது இலைப்பேனா, சிலந்திப்பேனா, வெறும் தூசியா என்று அந்தப் படங்களில் பலவற்றை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடிவதில்லை. அதே கைபேசியின் முதன்மைக் கேமராவால் அரைச் சாண் தள்ளி எடுத்திருந்தால் பெரும்பாலும் சொல்லியிருக்க முடியும்.

சிலந்திப்பேன் என்பது பூச்சியே அன்று. எட்டுக் கால்களுடைய, சிலந்திக்கு உறவான உயிரி. பூச்சிக்கொல்லிகளில் பல அதைக் கொல்வதில்லை. அதைவிட மோசமாக, பைரித்ராய்டு வகை மருந்தைத் தெளித்தால், சிலந்திப்பேனைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த நன்மை செய்யும் உயிரிகள் முதலில் மடிந்து, சிலந்திப்பேன் முன்பைவிட அதிகமாகப் பெருகிவிடுவதும் உண்டு. படம் மங்கலாக இருந்ததால் ஊகத்தின்பேரில் வாங்கித் தெளிக்கும் மருந்து பணத்தை வீணாக்குவதோடு நிற்பதில்லை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குறைந்த விலைக் கைபேசிகளில் தனியாக வைக்கப்படும் மேக்ரோ கேமரா பெரும்பாலும் 2 மெகாபிக்சல்தான். அதன் படம் 1600 பிக்சல் அகலமும் 1200 பிக்சல் உயரமும் கொண்டது. சென்சார் மிகச் சிறியது. லென்ஸ் சுமார் 4 செ.மீ. தூரத்தில் நிலையாகக் குவிக்கப்பட்டிருக்கும், அதில் ஆட்டோஃபோகஸ் இராது. அந்தத் தூரத்திலிருந்து ஏறத்தாழ 6 செ.மீ. அகலமுள்ள பரப்பு படத்தில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்கு 27 பிக்சல்கள் கிடைக்கின்றன. முழு வளர்ச்சியடைந்த சிலந்திப்பேனின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், அது படத்தில் பத்துப் பன்னிரண்டு பிக்சல் நீளமுள்ள ஒரு கறையாகவே பதியும். கால்களையோ முதுகிலுள்ள கரும்புள்ளிகளையோ அதில் தேடிப் பயனில்லை.

இப்போது முதன்மைக் கேமராவை எடுத்துக்கொள்வோம். 50 மெகாபிக்சல் சென்சார் வழக்கமான முறையில் 12.5 மெகாபிக்சல் படமாக, அதாவது 4080 பிக்சல் அகலத்தில் பதிவு செய்கிறது. 10 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால் சுமார் 15 செ.மீ. அகலமுள்ள பரப்பு விழும். இங்கும் மில்லிமீட்டருக்கு 27 பிக்சல்தான். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், முதன்மைக் கேமராவின் சென்சார் பல மடங்கு பெரியது, லென்ஸ் தரமானது, ஆட்டோஃபோகஸ் உண்டு, தவிரவும் கைபேசியின் நிழல் இலைமேல் விழுவதில்லை. நல்ல வெளிச்சத்தில் 50 மெகாபிக்சலை முழுவதுமாகப் பயன்படுத்தும் முறைக்கு மாற்றினால் மில்லிமீட்டருக்கான பிக்சல் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. எடுத்த பிறகு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். விளம்பரத் தாளில் கேமராக்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டவே இந்த 2 மெகாபிக்சல் மேக்ரோ வைக்கப்படுகிறது என்பது என் எண்ணம். அதற்காக மட்டும் ஒரு கைபேசியை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே கேட்பவர்களிடம் சொல்லிவருகிறேன்.

உயர்விலைக் கைபேசிகளின் நிலை வேறு. அவற்றின் முதன்மைச் சென்சார் பெரிதாகிக்கொண்டே போவதால், அந்தக் கேமராவால் 20 செ.மீ.க்கும் குறைவான தூரத்தில் ஃபோகஸ் செய்ய இயலாத நிலை பல மாதிரிகளில் ஏற்பட்டுவிட்டது. அதை ஈடுகட்ட, அதி அகலக்கோண (அல்ட்ராவைட்) கேமராவுக்கு ஆட்டோஃபோகஸ் கொடுத்து அதையே மேக்ரோவாகப் பயன்படுத்துகிறார்கள். 2021-இல் வந்த ஐபோன் 13 ப்ரோ இவ்வகையைச் சேர்ந்தது, 2 செ.மீ. வரை நெருங்க முடியும். நுண்விவரம் நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் நிழல் விழாமல் எடுப்பது பெரும்பாடு, படத்தின் ஓரங்களும் இழுபட்டுத் தெரியும். என் வேலைக்கு மிகவும் உகந்தவை தொலைநோக்கு லென்ஸால் நெருக்கப் படம் எடுக்கும் கைபேசிகள்தான். சியோமி 13 ப்ரோவின் 75 மி.மீ. லென்ஸ் 10 செ.மீ. வரை ஃபோகஸ் செய்யும். பூச்சியைக் கலைக்காமல், வெளிச்சத்தை மறைக்காமல், வேண்டிய பகுதியைப் படம் முழுக்க நிரப்பிக்கொள்ளலாம். ஓப்போ நிறுவனம் 2021-இல் ஃபைண்ட் எக்ஸ்3 ப்ரோ மாதிரியில் 60 மடங்கு பெருக்கும் நுண்ணோக்கிக் கேமராவையே, லென்ஸைச் சுற்றி விளக்கு வளையத்துடன் வைத்துக் காட்டியது. அதை இலையில் ஏறத்தாழ ஒட்டித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், ஓடும் உயிரிகளுக்கு அது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது ஐயமே.

உங்கள் கைபேசி எந்த வகை என்று தெரியாவிட்டால், இலைக்கு அருகில் கேமராவைப் பிடித்துக்கொண்டு பின்புற லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள்; எதை மூடும்போது திரை இருளுகிறதோ அதுதான் அப்போது வேலை செய்கிறது. மேக்ரோவைத் தானாகவே இயக்கும் கைபேசிகள், நீங்கள் கேளாமலேயே ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். ஐபோனில் பூ வடிவச் சின்னம் மஞ்சள் நிறத்தில் தோன்றினால் அந்த மாற்றம் நடந்துவிட்டது என்று பொருள். அதைத் தொட்டு அணைக்கலாம்.

இந்தத் தாவலை அணைத்துவைப்பது இன்னொரு காரணத்துக்காகவும் தேவைப்படுகிறது. பூச்சிகளைப் பார்க்கப் பயன்படும் 10 மடங்குக் கைலென்ஸ் ஒன்றை முதன்மைக் கேமராவின் முன் ஒட்டிப் பிடித்தால், குறைந்த விலைக் கைபேசிகூட மிக நல்ல மேக்ரோ கருவியாகிவிடுகிறது. அதன் குவியத் தூரம் 2.5 செ.மீ.; இலையும் அந்தத் தூரத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்ன 10 செ.மீ. கணக்கோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு விவரம் கிடைக்கிறது, அதாவது சிலந்திப்பேனுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பிக்சல்கள். படத்தின் ஓரம் மங்கும், நடுப்பகுதி தெளிவாக இருக்கும். நமக்கு வேண்டியது நடுப்பகுதிதான். கேமரா இடையில் வேறு லென்ஸுக்குத் தாவிவிட்டால், கைலென்ஸ் தவறான துளையின் முன் நின்றுகொண்டிருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கைபேசியின் ஃபிளாஷ் இந்த வேலைக்கு ஆகாது. 4 செ.மீ. தூரத்தில் அது இலையின் ஒரு பக்கத்தை வெளுக்கடித்துவிட்டு மறுபக்கத்தை இருட்டில் விட்டுவிடும். மெழுகுப் பூச்சுள்ள இலையானால் அதன் பளபளப்பே வெள்ளைப் பூஞ்சைபோலக் காட்சியளித்து என்னைத் திசைதிருப்பும். உச்சி வெயிலும் ஏறத்தாழ இதே கேட்டைச் செய்கிறது. மேகமூட்டமான பகல் வெளிச்சம் சிறந்தது. வெயில்தான் இருக்கிறது என்றால், செடிக்கும் சூரியனுக்கும் இடையில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்துவைத்தால் நிழலில் இருக்கும் பகுதிக்கும் வெளிச்சம் திரும்பும். சாம்பல் நோய், செதில் பூச்சி போன்றவற்றுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக வர வேண்டும். அப்போதுதான் இலைப்பரப்பிலிருந்து மேலெழுந்து நிற்பவற்றுக்குச் சிறு நிழல் விழுந்து அவை தனித்துத் தெரியும். இலைக்குள்ளேயே சுரங்கம்போட்டுத் தின்னும் புழுவுக்கு இது பயன்படாது. இலையை வானத்துக்கு எதிரே பிடித்து, வெளிச்சம் அதனூடே வருமாறு எடுத்தால் சுரங்கப் பாதையும் அதன் முனையில் படுத்திருக்கும் புழுவும் தெளிவாகத் தெரியும்.

நெருங்க நெருங்க, தெளிவாகப் பதியும் ஆழம் குறைந்துகொண்டே போகும். கைலென்ஸோடு எடுக்கும்போது அது ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே கைபேசியும் இலைப்பரப்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இலை சுருண்டிருந்தால் அதை ஓர் அட்டைமேல் மெல்ல விரித்துவைத்துக்கொள்ளலாம். திரையைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிட்டு, கைபேசியை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்தியபடியே தொடர்ச்சியாகப் பல படங்களை எடுத்து, தெளிவானதை மட்டும் வைத்துக்கொள்வது நிபுணர்களும் கையாளும் முறைதான். லென்ஸில் விரல் ரேகை படிந்திருந்தால் இவ்வளவு ஏற்பாடும் வீணாகிவிடும். துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கைபேசியின் மென்பொருள் செய்யும் மாற்றங்களைப் பலர் கவனிப்பதில்லை. விளிம்புகளைக் கூர்மையாக்கும்போது, இலையிலுள்ள ஒவ்வொரு கரும்புள்ளியைச் சுற்றியும் வெளிறிய வளையம் ஒன்று உருவாகிவிடுவதுண்டு. பாக்டீரியா இலைப்புள்ளி நோய்கள் பலவற்றில் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருப்பது ஓர் அடையாளம் என்பதால், படத்தில் தெரியும் வளையம் செடியில் உள்ளதா, கைபேசி உண்டாக்கியதா என்ற குழப்பம் எனக்கு நேர்கிறது. பச்சையை மேலும் பச்சையாக்கும் வண்ண முறையில், சத்துக் குறைபாட்டின் தொடக்க வெளிறல் முற்றாக மறைந்துபோகும். அழகூட்டும் முறைகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுங்கள். எடுத்த பின்னும் எந்த வடிகட்டியும் போட வேண்டாம். படத்தின் ஓர் ஓரத்தில் வெள்ளைத் தாளின் துண்டு ஒன்று தெரிந்தால் நிறத்தை நான் சரிபார்த்துக்கொள்வேன். மில்லிமீட்டர் குறியிட்ட அளவுகோலும் இருந்தால் இன்னும் நல்லது. அது இலையின் மட்டத்திலேயே இருக்கட்டும்.

நெருக்கப் படம் மட்டும் தனியாக வந்தால், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது பாதி விடைதான். மிளகாய்ச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். இலைப்பேன் தாக்கினால் இலையின் விளிம்பு மேல்நோக்கிச் சுருளும்; மஞ்சள் சிலந்திப்பேன் தாக்கினால் கீழ்நோக்கிச் சுருண்டு, கவிழ்த்த படகுபோல ஆகும். இந்தச் சிலந்திப்பேனின் நீளம் 0.2 மி.மீ. அளவுதான், சாதாரண மேக்ரோவில் அகப்படுவது அரிது. ஆனால் சுருளும் திசையோ ஒரு முழம் தள்ளி எடுத்த படத்திலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். முழுச் செடி, ஒரு கிளை, இலையின் மேற்புறம், அடிப்புறம், பிறகுதான் நெருக்கம் என்ற வரிசையில் படங்கள் வந்தால் எனக்குக் கேள்விகள் குறையும். அடிப்புறத்தை மறக்க வேண்டாம். வெள்ளை ஈ, அசுவினி, சிலந்திப்பேன் எல்லாம் பெரும்பாலும் குடியிருப்பது அங்கேதான்.

பூச்சி ஓடிக்கொண்டே இருந்தால், கிளையை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். உதிர்ந்தவற்றில் நகர்பவை உயிரிகள், நகராதவை பெரும்பாலும் தூசி. தாள் தட்டையாக இருப்பதால் ஃபோகஸ் சிக்கலும் தீர்கிறது. வெண்மை மிகுதியால் கேமரா படத்தைக் கருக்கிவிடும் என்பதால், திரையில் பிரகாசத்தைச் சற்று ஏற்றிவிட்டு எடுக்க வேண்டும். கூடவே பத்து விநாடி வீடியோ ஒன்று எடுத்தால், ஊர்கிறதா, தாவுகிறதா, பக்கவாட்டில் நகர்கிறதா என்பதும் தெரியும். தத்துப்பூச்சியின் குஞ்சு பக்கவாட்டில் நகர்வதைக் கண்டால் மேற்கொண்டு படமே தேவையில்லை.

இத்தனை கவனமாக எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் வந்து சேரும், நாம் தேடிச் சேர்த்த நுண்விவரம் வழியிலேயே தொலைந்துவிடும். 2023-இல் வந்த எச்டி தேர்வைப் பயன்படுத்துங்கள், அல்லது படத்தை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஆவணமாக அனுப்பும்போது, படத்தோடு பதிந்துள்ள இருப்பிட விவரமும் சேர்ந்தே போகும். அது பிறருக்குத் தெரிய வேண்டாம் என்றால் கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை முன்கூட்டியே நிறுத்திவைக்கலாம்.

மருந்து தெளித்த செடியைப் படமெடுக்க வேண்டியிருந்தால், மருந்துக் கலனில் குறிப்பிட்டுள்ள இடைவெளி கழியும்வரை பொறுத்திருங்கள். மேக்ரோ தூரத்தில் கைபேசி இலையில் உரசுவதைத் தவிர்ப்பது கடினம். அதே கைபேசியைத்தான் அடுத்த நிமிடம் கன்னத்தில் வைத்துப் பேசப்போகிறோம்.

எந்த மேக்ரோவாலும் காட்ட முடியாதவையும் உண்டு. வைரஸ் நோயின் அறிகுறியைத்தான் படத்தில் காணலாம். அது எந்த வைரஸ் என்பதை ஆய்வகச் சோதனைதான் சொல்லும். இலைப்பேனில் எந்த இனம் என்று பிரித்தறிய, அதைக் கண்ணாடிச் சில்லில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். இலையில் ஒன்றும் தெரியாமல் செடி வாடினால் இலையைப் படமெடுத்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, ஒரு செடியை வேரோடு தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவிவிட்டு, வேரைப் பக்கவாட்டில் நெருக்கமாக எடுங்கள். வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும் உருண்டைகள் பயறு வகைச் செடிகளுக்கு இயல்பாக உள்ள வேர்முடிச்சுகள். வேரே ஆங்காங்கே பருத்துப் புடைத்திருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுவாக இருக்கக்கூடும். அப்போது படத்தோடு, வேர்ப்பகுதி மண்ணும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.