பள்ளிக்கு வரும் நர்ஸ் கொடுக்கும் சீட்டு: பையிலேயே கிடந்தால் பயனில்லை

அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை, அங்கன்வாடிகளுக்கு இரண்டு முறை நடமாடும் மருத்துவக் குழு வர வேண்டும். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் வேனில் வருவார்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம்) என்ற தேசியச் சிறார் நலத் திட்டம் இது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை, பரிசோதனையும் மேல்சிகிச்சையும் இலவசம். பின்னணி இவ்வளவு போதும்.

முதல் சிக்கல், எந்தப் பள்ளி என்பது. நம் செட்டிநாட்டுப் பக்கம் செட்டியார் அறக்கட்டளைப் பள்ளிகள் அதிகம். ஒரே நிர்வாகம், பக்கத்துப் பக்கத்துக் கட்டடம். ஒன்று உதவி பெறும் பள்ளி, இன்னொன்று மெட்ரிக். மெட்ரிக் பள்ளிக்கு வேன் வராது. உதவி பெறும் பள்ளியிலேயே சுயநிதி ஆங்கில வழிப் பிரிவு இருந்தால், அந்தப் பிள்ளைகளையும் பார்ப்பார்களா என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வேன் வந்த அன்று பிள்ளை லீவு என்றால், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குழு அதே ஒன்றியத்தில்தான் அடுத்தடுத்த பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். எங்கே, என்றைக்கு என்று கேட்டுப் பிள்ளையை அங்கே கூட்டிப் போங்கள்.

அடுத்தது பரிந்துரைச் சீட்டு. பாதிப் பிள்ளைகள் தவறிப்போவது இங்கேதான். இதயத்தில் சத்தம், காது மந்தம், மாறுகண், பேச்சு வராதது என்று குழு எதைக் கண்டுபிடித்தாலும், ஒரு சீட்டு எழுதிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அது ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் ஆயாவோ அப்பத்தாவோ இருப்பார். அப்பா சிங்கப்பூரில், அம்மா வேலைக்குப் போயிருப்பார். சீட்டு பைக்குள்ளேயே மக்கிப்போகும். பதிவேட்டில் மட்டும் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று ஏறிவிடும், கணக்கும் முடிந்துவிடும். நர்ஸைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு நிரப்பக் கொடுத்திருக்கும் பதிவேடுகளைப் பார்த்தால், பிள்ளையைப் பார்க்க நேரம் கிடைப்பதே பெரிது. ஆனால் நஷ்டம் பிள்ளைக்குத்தானே?

சீட்டு கிடைத்ததும் போனில் படம் எடுத்து வையுங்கள். என்ன குறை, எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் பொது ஓ.பி. வரிசையில் நிற்காதீர்கள். "டி.இ.ஐ.சி. எங்கே?" என்று கேளுங்கள். சிறார் குறைபாடுகளுக்கென்றே உள்ள மாவட்ட மையம் அது. கவுண்டரில் தெரியாது என்றால் குழந்தைகள் வார்டில் கேளுங்கள். மெட்ரிக் பிள்ளைகளும் பெற்றோருடன் நேராக அங்கே போகலாம். இதைப் பலர் சொல்வதே இல்லை.

எந்த மாவட்டம் என்பதிலும் கவனம் வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பிள்ளைகளுக்குச் சிவகங்கை. பொன்னமராவதி, திருமயம் பக்கம் என்றால், காரைக்குடி கிட்டத்தில் இருந்தாலும், புதுக்கோட்டைக்குத்தான் எழுதுவார்கள். எந்த ஊர் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பஸ் ஏறி ஒரு நாள் கூலியைத் தொலைக்காதீர்கள்.

அறுவை சிகிச்சை என்று சொல்லிவிட்டால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கேட்பார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிள்ளையின் பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். கார்டு திருப்பூரில், பிள்ளை இங்கே தாத்தா வீட்டில் என்றால் பரவாயில்லை. பெயர் இல்லாவிட்டால்தான் இழுத்தடிப்பு. ஆஸ்பத்திரித் தேதிக்குக் காத்திருக்காமல் பெயர் சேர்ப்பதையும் வருமானச் சான்றிதழையும் உடனே தொடங்குங்கள். மனு கொடுத்த ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

கண்ணாடி எழுதினால் பவரைத் தனியாகக் குறித்து வாங்குங்கள். இலவசக் கண்ணாடி எப்போது வரும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. அப்புறம், வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது மாத்திரையால் வருவதுதான்.