ரெடிமேட் வீடு: சதுர அடி விலைக்கு வெளியே நிற்கும் செலவுகள்

"சார், இருபதே நாள்ல வீடு ரெடியாம், விலையும் பாதிதானாம்" என்று போனில் விளம்பரத்தைக் காட்டிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். நாள் கணக்கு ஓரளவு சரிதான். உட்கார்ந்து பேச வேண்டியது விலையைத்தான்.

விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் பேனலுக்கும் (இரண்டு தகரத்துக்கு நடுவே நுரை வைத்து ஃபேக்டரியிலேயே செய்து வரும் சுவர்ப் பலகை) அதை மாட்டும் கூலிக்குமான விலை. அஸ்திவாரம், செப்டிக் டேங்க், வயரிங், லாரி வாடகை, ஜிஎஸ்டி எல்லாம் தனியாக வரும். "லேசான வீடுதானே, அஸ்திவாரம் சும்மா போட்டா போதாதா?" என்பார்கள். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் அது நடக்காது அண்ணாச்சி. மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கிற மண் அது. பாரம் குறைந்த வீட்டை இன்னும் சுலபமாகத் தூக்கிவிடும்.

பணகுடி, காவல்கிணறு பக்கம் வேறு பிரச்சினை. காற்றாலைகள் நிற்கிற ஊர். செங்கல் வீடு தன் பாரத்திலேயே உட்கார்ந்திருக்கும். பேனல் வீட்டின் கூரையை ஆடிக்காற்று பிடுங்கப் பார்க்கும். தூண்களைத் தரையோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட் எத்தனை, எவ்வளவு ஆழம் என்று வரைபடத்தில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

சென்னை பெரும்பாக்கத்தில் 2022இல் திறந்த 1,152 வீடுகளை உதாரணம் காட்டுகிறார்கள். அது ப்ரீகாஸ்ட் கான்கிரீட், அதாவது சுவரையும் தளத்தையும் முன்கூட்டியே அச்சில் வார்த்து, கிரேனால் தூக்கிப் பொருத்துவது; பேனல் வீடு இல்லை. ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு வார்த்தால்தான் அதில் செலவு இறங்கும். ஐந்து சென்டில் கட்டும் ஒற்றை வீட்டுக்கு கிரேன் வாடகையே உதைக்கும்.

அப்புறம் தீ. இரண்டு தகரத்துக்கு நடுவே இருக்கும் பஃப் நுரை பற்றினால் புகை விஷம். அடுப்படிச் சுவருக்கு மட்டுமாவது நுரைக்குப் பதில் ராக்வூல் (கல்லை உருக்கி எடுத்த, தீப்பிடிக்காத பஞ்சு) வைத்த பேனல் கேளுங்கள், விலை கொஞ்சம் கூடும். பேனல் சொருகியிருக்கும் கீழ்ச் சேனலையும் குனிந்து பாருங்கள். வீடு கழுவும் தண்ணீர் அங்கேதான் தேங்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். வங்கிக் கடன் வேண்டுமென்றால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே மேனேஜரைப் பாருங்கள். கழற்றி மாட்டும் வீடு என்றால் யோசிக்கிறார்கள்.

இதெல்லாம் சொல்வதால் நான் இதற்கு எதிரி இல்லை. பழைய வீட்டு மாடியில் ஒரு ரூம் எடுக்க, கீழ்ச்சுவர் பாரம் தாங்காது என்கிற இடத்தில், நான் முதலில் சொல்வது பேனலைத்தான். தோட்டத்து வீட்டுக்கும் நல்லது. மாடியில் போடுகிறவர்கள் போல்ட்டுக்காகத் தளத்தில் துளைத்த இடங்களில் ஐப்பசிக்கு முன் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, கீழே சீலிங்கில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.