குங்ஃபூ குருவின் மூடிய கண்கள்

மைண்ட்ஃபுல்னெஸ் (இந்த நொடியில் உடலிலும் மனத்திலும் நடப்பதைத் திட்டாமல் கவனிப்பது) பயிற்சி கேட்டு என்னிடம் வருகிறவர்களில் குங்ஃபூ பட ரசிகர்கள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மற்றவர்களுக்கு மெனக்கெட்டு விளக்க வேண்டியதை இவர்கள் சின்ன வயதிலிருந்தே திரையில் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் படத்தின் தவறான இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். விற்பனைத் துறையில் வேலை, தூக்கம் சரியில்லை, அலுவலகத்தில் சட்டென்று கத்திவிடுகிறார். புரூஸ் லீ என்றால் உயிர். காலையில் குளித்துவிட்டுக் கண்ணை மூடி உட்காருவாராம். இரண்டு நிமிடத்துக்குள் மாதக் கடைசி டார்கெட்டும் மேலாளரின் முகமும் வந்து நிற்குமாம். உட்கார்ந்தபோது இருந்ததைவிட அதிகக் கோபத்தோடு எழுந்திருப்பாராம். "எனக்கெல்லாம் இது வராது டாக்டர்" என்றார். (நான் உளவியலாளர்தான், டாக்டர் இல்லை. சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.)

என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள் என்று கேட்டேன். "எண்ணமே வரக்கூடாது. சுற்றிலும் எதிரிகள் நிற்கும்போதுகூடக் குருவின் முகத்தில் ஒன்றுமே தெரியாதே, அந்த மாதிரி."

அந்த முகத்தில் பாதி ஒளிப்பதிவாளரின் வேலை, மீதி படத்தொகுப்பாளரின் வேலை. கற்றுக்கொள்ள வேண்டிய இடம் படத்தில் அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது. 1978இல் ஷா பிரதர்ஸ் தயாரிப்பில் லாவ் கார்-லியூங் இயக்கிய 'ஷாலினின் 36ஆவது அறை' படத்தில், ஷாலின் என்ற சீனப் பௌத்த மடத்தில் ஒவ்வொரு அறையும் ஒரு பயிற்சிக் கட்டம். நாயகன் ஆசைப்பட்டு முதலில் போவது மிக உயர்ந்த அறைக்கு. அங்கே தாக்குப்பிடிக்க முடியாமல், அடிமட்டத்திலிருந்து தொடங்குகிறான். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் தண்ணீர். அதில் மிதக்கும் கட்டைகளின் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். விழுகிறான். நனைந்த உடையோடு திரும்பவும் முயல்கிறான். பிறகு கைகளை விரித்து நீட்டியபடி தண்ணீர் வாளி சுமக்கிறான். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி மேற்கையில் கத்தி கட்டியிருக்கும். படத்தில் கணிசமான நேரம் இப்படியே போகிறது. சண்டைக்காகக் காத்திருப்பவருக்குக்கூட அலுக்காது, அதுதான் ஆச்சரியம்.

அந்த நண்பர் பள்ளி நாட்களில் கராத்தே கற்றவர். அதனால் கண்ணை மூடச் சொல்லாமல் குதிரை நிலையில் நிற்கச் சொன்னேன். கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து நிற்பது. (முட்டிவலி உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்; நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்தாலே போதும்.) ஒரு நிமிடத்தில் தொடை எரியத் தொடங்கியது. "இப்போது மனம் எங்கே?" என்றேன். "எப்போது முடியும் என்று யோசிக்கிறது." சரி, அதைத் திட்ட வேண்டாம், தொடைக்கே திரும்பி வாருங்கள் என்றேன். மறுபடி ஓடியது, மறுபடி வந்தார். மனம் ஓடிவிட்டது என்று தெரியவரும் அந்த நொடிக்குத்தான் இத்தனை ஏற்பாடும். ஓடாத மனத்தோடு யாரும் என்னிடம் வந்ததில்லை.

சில வாரங்கள் கழித்து அவரே ஒன்றைக் கவனித்துச் சொன்னார். கத்துவதற்குச் சற்று முன் வலது தோள் காதை நோக்கி மேலே ஏறுகிறதாம், தாடை இறுகுகிறதாம். கோபம் போய்விடவில்லை. அது வருவது முன்கூட்டியே தெரிகிறது. ஒரு மூச்சை நீளமாக வெளியே விட நேரம் கிடைக்கிறது. எனக்கு அதுவே பெரிய முன்னேற்றமாகப் பட்டது. உணர்ச்சியே தெரியாத கல்முகத்தை வளர்த்துக்கொள்வது வேறு விஷயம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தண்டனை.

ஜாக்கி சான் படங்களில் கடைசியில் பெயர்கள் ஓடும்போது தவறிய காட்சிகளைக் காட்டுவார்கள். குதித்துத் தவறி விழுவார், வலியில் முகம் சுளிப்பார், மறுபடி எடுப்பார்கள். அதைப் பார்க்காமல் எழுந்து போய்விடாதீர்கள் என்று ரசிகர்களிடம் சொல்வதுண்டு.

காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் ஷாலினுக்குக் குங்ஃபூவைக் கொண்டுபோனார் என்ற பெருமையும் பேச்சில் தவறாமல் வரும். அவர் தென்னிந்தியர் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு இருக்கிறது. பாரசீகர் என்று இன்னொன்றும் இருக்கிறது. குங்ஃபூவோடு அவரை இணைக்கும் கதைகள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. இன்று மருத்துவமனைகளில் கற்றுத் தரும் எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியின் வேர் பௌத்தத் தியானத்தில் இருந்தாலும், ஜான் கபட்-ஜின் அதை 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கியது நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வாழ்பவர்களுக்காக. மாயசக்தி எதையும் அது வாக்களிக்கவில்லை.

சிலருக்கு இந்தப் பயிற்சி ஒத்துக்கொள்ளாது. பெரும் விபத்தையோ வன்முறையையோ கடந்து வந்தவர்கள் கண்ணை மூடினால் பழைய காட்சிகள் பாய்ந்து வரலாம். பதற்ற நோய் உள்ள சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே மூச்சு முட்ட வைக்கும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி மெதுவாக நடக்கலாம். மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் பயிற்சியை ஒத்திவைத்துவிட்டு உடனே உதவி கேளுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.