வீரிய ஒட்டு: விதையில் ஒட்டியது எது?

கத்தரி விதைப் பாக்கெட்டில் ‘வீரிய ஒட்டு’ என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே ஒட்டப்பட்டது எதுவும் இல்லை. ஒட்டு என்பது ஒட்டுமாங்கன்றில் செய்வது: ஒரு செடியின் வேர்மேல் இன்னொரு செடியின் தண்டைச் சேர்த்துக் கட்டுவது. விதையில் நடந்திருப்பதோ மகரந்தக் கலப்பு.

இந்த விதைக்கு ஆங்கிலப் பெயரான ‘ஹைப்ரிட்’ லத்தீன் ‘ஹைப்ரிடா’விலிருந்து வந்தது. வளர்ப்புப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டிக்கு அந்தப் பெயர். ஆகவே ‘கலப்பினம்’ என்பதே பொருத்தமான தமிழ். பெயரின் முன்பாதியான ‘வீரிய’த்தில் பிழை இல்லை. 1914-இல் அமெரிக்க மரபியலாளர் ஜார்ஜ் ஹாரிசன் ஷல் ‘ஹெட்டிரோசிஸ்’ என்று பெயரிட்ட கலப்பு வீரியத்தை, அதாவது கலப்பில் பிறந்தது பெற்றோரை விஞ்சுவதைத்தான் அது குறிக்கிறது.

இந்த வீரியத்தைக் கணக்கிட்டே சொல்ல வேண்டும். தாய் ரகம் செடிக்கு 2 கிலோ, தந்தை 3 கிலோ, கலப்பினம் 3.6 கிலோ காய்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் சராசரியைவிட 44 சதவீதம் கூடுதல். நல்ல பெற்றோரைவிட 20 சதவீதம்தான் கூடுதல். விவசாயிக்குப் பயன்படுவது இரண்டாவது கணக்கு. நெருங்கிய உறவுள்ள இரண்டு ரகங்களைக் கலந்தால் அதுவும் கிடைப்பது அரிது. மரபில் விலகி நிற்கும் பெற்றோர் வேண்டும். இலவம்பாடி முள்கத்தரி போன்ற நாட்டு ரகங்கள் அழியாமல் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

கலப்பு மொட்டில் நடக்கிறது. ஊதா நிறம் ஏறி, மறுநாள் விரியப்போகும் மொட்டை மாலையில் எடுத்து, இடுக்கியால் மகரந்தப்பைகளை ஒன்றுவிடாமல் அகற்றி, பட்டர்பேப்பர் உறை மாட்ட வேண்டும். மறுநாள் காலை, தந்தைச் செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி மீண்டும் மூட வேண்டும். சூல்தண்டு நீண்டு, மகரந்தப்பைகளுக்கு மேலே நிற்கும் பூவாகப் பார்த்து எடுக்க வேண்டும். குட்டைச் சூல்தண்டுப் பூ காய் பிடிக்காது. ஒரு மகரந்தப்பை தப்பினாலும் தன்மகரந்தம் சேர்ந்து, கலப்பின விதைக்குள் தாய் ரகமே கலந்துவிடும்.

இந்தச் செடியின் காயிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து வேறொன்றுமாக வந்த மரபணு இணைகளில் சராசரியாகப் பாதி ஒரே வகையாகிவிடும். வீரியம் குறையும், நிறமும் வடிவமும் செடிக்குச் செடி மாறும். ‘விதை கெட்டது’ என்பார்கள். கெடவில்லை, பெற்றோரின் குணங்கள் செடிக்குச் செடி பிரிந்திருக்கின்றன.

பெயர்க் குழப்பம் இப்போது காசைத் தொடும் விஷயம். சுண்டை வேர்ச்செடிமேல் கத்தரித் தண்டை ஒட்டிய நாற்றும் விற்பனைக்கு வருகிறது. அதுதான் உண்மையான ஒட்டுக் கத்தரி. பாக்டீரியா வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும் வலிமை அதன் வேரில் இருக்கிறது. விதைக்கு அது போகாது. மேலே ஒட்டியது நாட்டு ரகமாக இருந்தால் விதை எடுக்கலாம், அந்த ரகமே வரும். மேலே இருப்பது கலப்பினமானால் அதுவும் பிரியும். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்குமேல் நிற்க வேண்டும். புதைந்தால் கத்தரித் தண்டே வேர்விட்டு, வாடல் அதன் வழியாக நுழையும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் சுண்டையைக் கிள்ளாவிட்டால் அதுவே செடியை ஆளும்.

விதைக்குக் ‘கலப்பினம்’, நாற்றுக்கு ‘ஒட்டு’ என்று பிரித்தே எழுதுவோம். கடையில் வாங்கும்போது பாக்கெட்டில் ‘எஃப்-1’ இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அது முதல் தலைமுறைக் கலப்பினம்.