பைத்தானின் தத்துப்பிள்ளைகள்

பைத்தான் என்ற நிரல்மொழி பற்றி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பைத்தான் கையேடு லிஸ்ட்டை (பல மதிப்புகளை அடுக்கி வைக்கும் வகை) ஒரு சீக்வென்ஸ் (வரிசையாக அமைந்த தொகுப்பு) என்கிறது. ‘இது அதன் வாரிசா?’ என்று கேட்கும் ஐஎஸ்சப்கிளாஸ் மூலம் சோதித்தாலும் ‘ஆம்’ என்றே பதில் வருகிறது. ஆனால் லிஸ்ட்டின் மூதாதையரைச் சொல்லும் எம்ஆர்ஓ பட்டியலை அச்சிட்டால் லிஸ்ட், எல்லாவற்றுக்கும் மூதாதையான ஆப்ஜெக்ட் என்று இரண்டே பெயர்கள். சீக்வென்ஸ் எங்கே போனது? கையேடு தவறா?”

கையேட்டிலும் தவறில்லை, பட்டியலிலும் தவறில்லை. பைத்தானில் உறவு இரண்டு வகை. ஒன்று பிறப்பால் வருவது, மற்றது பதிவால் வருவது.

பிறப்பு தெரிந்த கதைதான். கிளாஸை, அதாவது ஒரு வகைப் பொருளுக்கான வார்ப்பை, எழுதும்போது அடைப்புக்குறிக்குள் தாயின் பெயரைக் கொடுக்கிறோம். தாயின் மெத்தட்கள் (செய்யத் தெரிந்த வேலைகள்) சேய்க்கு வந்துசேர்கின்றன. அந்தக் கொடிவழியின் பட்டியலே எம்ஆர்ஓ. தாய்கள் பலர் என்றால் யாருக்கு முன்னுரிமை என்பதை 2.3 பதிப்பு முதல் சி3 என்ற முறை தீர்மானிக்கிறது.

பதிவு முறை 2008இல், 2.6, 3.0 பதிப்புகளில், பெப் 3119 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு வழியாக வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே லிஸ்ட் இருக்கிறது. பின்னால் பிறந்த ஒருவரை அதற்குத் தாயாக்குவது எப்படி? தத்துதான் வழி. சீக்வென்ஸின் சேயான மியூட்டபிள்சீக்வென்ஸ் (மாற்றக்கூடிய சீக்வென்ஸ்) என்ற கிளாஸ் தன் ரெஜிஸ்டர் மெத்தட் மூலம் லிஸ்ட்டின் பெயரை எழுதி வைத்துக்கொண்டது. லிஸ்ட்டுக்குள் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தான் தத்துப்போனதே அதற்குத் தெரியாது. பேரேடு இருப்பது தத்தெடுத்தவரிடம்.

இனி “லிஸ்ட் உன் பிள்ளையா?” என்று சீக்வென்ஸிடம் கேட்போம். முதலில் அது தனக்கென்று ஏதேனும் தனி விதி இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லை. அடுத்து லிஸ்ட்டின் கொடிவழியைப் பார்க்கிறது. அங்கே தன் பெயர் இல்லை. தன் பேரேட்டைப் புரட்டுகிறது. டியூப்பிள், ஸ்ட்ரிங், ரேஞ்ச் எல்லாம் இருக்கின்றன, லிஸ்ட் இல்லை. பிறகு தன் சேய்களிடம் போய் விசாரிக்கிறது. சேயான மியூட்டபிள்சீக்வென்ஸின் பேரேட்டில் லிஸ்ட் இருக்கிறது. தத்துப்பேரன்! பதில்: ஆம்.

ஒவ்வொரு முறையும் இத்தனை அலைச்சல் என்றால் நிரல் நகராது. ஆகவே சீக்வென்ஸ் போன்ற ஒவ்வொரு கிளாஸும் இரண்டு குறிப்பேடுகள் வைத்திருக்கிறது: ‘ஆம்’ சொன்னவை ஒன்றில், ‘இல்லை’ சொன்னவை மற்றதில். நான் ரசிப்பது இந்த இடத்தைத்தான். ரெஜிஸ்டரை ரத்துசெய்ய வழியே கிடையாது; ஆகவே ஒருமுறை சொன்ன ‘ஆம்’ பதிவுகளால் மாறாது. ‘இல்லை’ அப்படியல்ல, நாளை யாராவது தத்தெடுத்தால் அது ‘ஆம்’ ஆகிவிடும். எனவே எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண் இருக்கிறது. நிரலில் எங்கே ரெஜிஸ்டர் நடந்தாலும் அந்த எண் ஒன்று கூடும். ‘இல்லை’ ஏட்டின் தலைப்பில் பழைய எண் இருந்தால், அடுத்த முறை அதைத் திறக்கும்போது முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். யாருக்கும் தகவல் அனுப்பவில்லை, யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. ஓர் எண்ணை மட்டும் கூட்டியாகிவிட்டது. எத்தனை சிக்கனம்!

ஆனால் தத்தெடுக்கும்போது தகுதியை யாரும் சோதிப்பதில்லை. முழு எண்களின் கிளாஸான இன்ட்டை சீக்வென்ஸில் பதிவு செய்து பாருங்கள், பைத்தான் முணுமுணுக்காது. அதன்பின் 5 ஒரு சீக்வென்ஸ்! அதன் நீளத்தைக் கேட்டால்தான் டைப்எரர் என்ற பிழை வரும். தத்துப்பிள்ளைக்குச் சொத்தும் இல்லை: சீக்வென்ஸ் தன் சொந்தச் சேய்களுக்குத் தரும் இன்டெக்ஸ், கவுன்ட் முதலிய மெத்தட்கள் பதிவால் வருவதில்லை. லிஸ்ட் தன் சம்பாத்தியத்தில் வாழ்கிறது.

நிரலைப் படித்துத் தானாகக் கையேடு தயாரிக்கும் கருவிகள் அடைப்புக்குறிக்குள் இருக்கும் தாயைத்தான் பார்க்கும். எங்கோ வேறொரு கோப்பில் நடந்த தத்தை மனிதர் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். நிரல் எழுதுவதற்கு நிதி தருபவர்கள் இந்த வேலைக்குக் கையை விரிப்பது எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழியில் கதை தலைகீழ். அங்கே கையேடு ஸ்ட்ரிங்பில்டர் என்ற கிளாஸின் தாய் ஆப்ஜெக்ட் என்கிறது. ஓடும் நிரலிலேயே தாய் யார் என்று கெட்சூப்பர்கிளாஸ் மூலம் கேட்டால் அப்ஸ்ட்ராக்ட்ஸ்ட்ரிங்பில்டர் வெளியே வருகிறது. அந்தத் தாய் தன் பேக்கேஜுக்கு (கிளாஸ்களின் தொகுதிக்கு) வெளியே தெரியாதவர் என்பதால் கையேட்டுக் கருவி அவரைத் தாண்டிப் பாட்டியின் பெயரைப் போட்டுவிடுகிறது. பைத்தான் கையேடு இல்லாத பிறப்பைச் சொல்கிறதோ என்று சந்தேகப்பட்டோம். ஜாவா கையேடு இருக்கும் பிறப்பை மறைக்கிறது.

கேள்வி கேட்ட வாசகர் ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்கலாம். பிழைகளுக்குத் தாயான எக்செப்ஷனிலிருந்து, ரெஜிஸ்டர் வசதியைத் தரும் ஏபிசிமெட்டாவைக் கொண்டு, ‘பிழை’ என்று ஒரு கிளாஸ் எழுதி, அதில் வேல்யூஎரர் என்ற பிழை வகையைப் பதிவு செய்யுங்கள். ஒரு வேல்யூஎரர் ‘பிழை’ வகையைச் சேர்ந்ததா என்று ஐஎஸ்இன்ஸ்டன்ஸிடம் கேட்டால் உடனே ‘ஆம்’ என்னும். பிறகு வேல்யூஎரரை எழுப்பி, ‘எக்செப்ட் பிழை’ என்று பிடிக்கப் பாருங்கள். பிடிபடாது. பிழையைப் பிடிக்கும் கட்டளையான எக்செப்ட் பேரேட்டைத் திறப்பதே இல்லை. கொடிவழியை மட்டும்தான் பார்க்கிறது.