கைப்பேசி போட்டுத் தரும் வடிவியல் கணக்கு

ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். இயற்கணித வீட்டுப்பாடத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகத் தவறு செய்கிறார்கள். வடிவியலில் மட்டும் வகுப்பில் பலர் ஒரே தவறை, ஒரே வரிகளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி வருகிறார்கள். படத்தைக் கைப்பேசியில் பிடித்து ஏதோ ஒரு செயலிக்கு அனுப்பி வாங்கிய விடை அது.

இணையத்தில் உதவி கேட்பதை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத, டியூஷனுக்கு அனுப்ப வசதியில்லாத பிள்ளைக்கு இரவு ஒன்பது மணிக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் சமன்பாட்டைப் படம் பிடிப்பதும் வடிவியல் கணக்கைப் படம் பிடிப்பதும் ஒன்றல்ல. சமன்பாட்டில் வேண்டியதெல்லாம் எழுத்தாகவே இருக்கிறது. வடிவியலில் பாதிச் செய்தி படத்தில் போட்ட சின்னக் குறிகளில் இருக்கிறது. இணைகோட்டைக் காட்டும் அம்புக்குறி, சம கோணத்தைக் காட்டும் வளைவு, செங்கோணத்துக்கான சிறு சதுரம் ஆகியவை பென்சில் கோட்டில், மங்கிய விளக்கில் எடுத்த படத்தில் எளிதில் தொலைந்துபோகும்.

ஓர் எடுத்துக்காட்டு. முக்கோணம் ஏபிசி-யில் ஏபி 8 செ.மீ., ஏசி 6 செ.மீ. ஏபி-யின் மேல் டி என்ற புள்ளி. ஏடி 3 செ.மீ. ஏசி-யின் மேல் ஈ என்ற புள்ளி. கோணம் ஏடிஈ-யும் கோணம் ஏசிபி-யும் சமம். ஏஈ எவ்வளவு?

படத்தைப் பார்த்தவுடன் கை தானாக அடிப்படை விகிதசமத் தேற்றத்துக்குப் போகும். டிஈ, பிசி-க்கு இணை என்று வைத்துக்கொண்டு, 6-ஐ 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 2.25 வரும். செயலிகளும் இதே குழியில் விழுகின்றன. முக்கோணத்துக்குள் குறுக்கே ஒரு கோடு என்றால் பெரும்பாலான கணக்குகளில் அது இணைகோடுதான். இதையும் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் இங்கே சமமாகக் கொடுத்திருப்பது டி-யில் உள்ள கோணமும் சி-யில் உள்ள கோணமும். ஏ இரண்டு முக்கோணத்துக்கும் பொது. இரண்டு கோணங்கள் சமமானால் முக்கோணங்கள் வடிவொத்தவை (அளவு வேறானாலும் வடிவம் ஒன்று) என்பது கோ-கோ விதி. அதன்படி முக்கோணம் ஏடிஈ, முக்கோணம் ஏசிபி-க்கு வடிவொத்தது. ஏபிசி-க்கு என்று எழுதினால் கணக்கு கெட்டது. ஏடி-க்கு ஒத்த பக்கம் ஏசி. ஏஈ-க்கு ஒத்த பக்கம் ஏபி. 3-க்கு 6 என்றால் விகிதம் பாதி. 8-இல் பாதி 4. விடை 4 செ.மீ.

இங்கே பெருக்கல், வகுத்தல் ஒரு பொருட்டே இல்லை. எந்த முனைக்கு எந்த முனை ஒத்தது என்று கண்டுபிடிப்பதுதான் கணக்கு. அந்த வேலையைச் செயலியிடம் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது பிரதி எடுப்பது மட்டும்.

அதனால் என் மாணவர்களிடம் படத்தை அனுப்பாதே, எழுதி அனுப்பு என்கிறேன். எந்தக் கோடு எதற்கு இணை, எந்தக் கோணம் எதற்குச் சமம் என்று நான்கு வரியில் எழுதும்போதே பலருக்குப் பாதிக் கணக்கு விளங்கிவிடுகிறது. கேட்கும்போதும் ‘விடை என்ன’ என்று கேட்காமல், ‘எந்த இரண்டு முக்கோணங்கள் வடிவொத்தவை, எந்த விதிப்படி’ என்று மட்டும் கேட்கலாம். பதில் வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘இவை இணை’ என்று ஒரு வரி வந்தால், அது கேள்வியில் கொடுத்ததா, செயலி தானாகச் சேர்த்ததா? பரப்பளவு கேட்டிருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: பக்கம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு.

இணையத்தில் வடிவியலுக்கென்று நான் மனதாரப் பரிந்துரைப்பது ஜியோஜீப்ரா என்ற, படம் வரைந்து நகர்த்திப் பார்க்கும் மென்பொருள். சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் தொடங்கியது, மாணவர்களுக்கு இலவசம். மேலே சொன்ன முக்கோணத்தை அதில் வரைந்து, டி-யை 3-இல் நிறுத்தி, ஈ-யை ஏசி-யின் மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். இரண்டு கோணமும் சமமாகும் இடத்தில் ஏஈ 4 என்று காட்டும். டிஈ சாய்ந்து நிற்பதும், பிசி-க்கு இணையாக இல்லாததும் கண்ணுக்கே தெரியும். இதைப் பார்த்த பிள்ளை மறுபடி 2.25 எழுதுவதில்லை.

அளவுகோல், கவராயம் கொண்டு வரையும் செய்முறை வடிவியலுக்கு எந்தச் செயலியும் போதாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதற்கு மட்டும் 8 மதிப்பெண். ஒரு முக்கோணத்துக்கு வடிவொத்ததை ஐந்தில் மூன்று பங்கு அளவில் (அளவு காரணி ஐந்தில் மூன்று) வரையச் சொன்னால், அடிப்பக்கத்தோடு குறுங்கோணத்தில் ஒரு கதிர் வரைந்து, ஐந்து சம பாகம் குறித்து, ஐந்தாவது புள்ளியை அடிப்பக்கத்தின் முனையோடு சேர்த்து, மூன்றாவது புள்ளி வழியாக அதற்கு இணைகோடு வரைய வேண்டும். காணொளியில் இது இரண்டே நிமிடம். கவராயம் வழுக்குவதும் பென்சில் முனை மழுங்குவதும் கையில் எடுத்தால்தான் தெரியும்.

பெற்றோருக்கு இரண்டு செய்திகள். நோட்டைப் படம் பிடித்து அனுப்பும்போது பெயர், பள்ளி, வகுப்பு எழுதிய பகுதி படத்தில் விழாமல் பாருங்கள். ‘ஏழு நாள் இலவசம்’ என்று சொல்லும் செயலியில் உங்கள் யுபிஐ கணக்கை இணைத்தால், தானியங்கிக் கட்டணத்துக்கு நீங்கள் ஒப்புதல் தந்திருக்க வாய்ப்புண்டு. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் மட்டும் அது நிற்காது. யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த ஒப்புதலைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.